துண்டுக்குள் போன சந்தை

எங்கள் பேரூராட்சித் தலைவர் ஊர்ச் சந்தையைத் துண்டுக்குள் வைத்து விலை பேசிக் கொடுத்துவிட்டார். என்ன விலை என்று இன்றுவரை வெளியே சொல்லவில்லை.

எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எட்டயபுரமா, புதூரா என்று தேட வேண்டாம், இரண்டும் இல்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட முடியாது, அதற்குள் வந்துவிடும். தலைவர் பெயரும் வேண்டாம். படித்தால் அவருக்கே தெரியும்.

நான் அந்த ஆட்டுச் சந்தையில் கயிறும் ஆடு தின்னக் குழையும் விற்கிறவள். கூடவே ஒரு டீ அடுப்பு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷமே வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வருவார், போவார். எனக்கும் மகளுக்கும் சந்தைதான் சோறு போட்டது. அதனால் நான் ஏதோ ஊர் நன்மைக்காகக் கிளம்பியவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அடுப்பு அணைகிறதே என்றுதான் முதலில் கோபம் வந்தது. ஊர் எவ்வளவு இழந்தது என்பது பிறகு மெதுவாகப் புரிந்தது.

துண்டுப் பேரம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடு விற்க வந்தவனும் வாங்க வந்தவனும் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள், மடக்குவார்கள், விடுவார்கள். அதுதான் விலை. வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். மழை வருமா, பருத்தியில் பூச்சி விழுந்ததா, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டு எல்லோரும் பார்க்கக் கை கொடுப்பார்கள். கை கொடுத்தால் முடிந்தது. பின்னால் ஒருவன் ஓடி வந்து கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் ஆடு கை மாறாது. பேச்சு மாறியவன் அடுத்த வாரம் வந்தால் அவன் ஆட்டின் பல்லைக்கூட யாரும் பிடித்துப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆடு அவனுடையது, பணம் இவனுடையது. மூடி வைத்துப் பேசிக்கொள்ளட்டும். ஊர்ச் சொத்தை அப்படிப் பேசலாமா?

சந்தேக புத்தி எனக்குச் சந்தையில்தான் வந்தது. காலையில் வண்டியிலிருந்து இறக்கும்போது ஆட்டின் வயிறு ஒட்டிக் கிடக்கும். என் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணீரைக் காட்டுவார்கள். ஆடு மூச்சு விடாமல் குடிக்கும். வயிறு பானை மாதிரி ஊதும். விவரம் தெரியாதவன் அதைக் கறி என்று நினைத்து வாங்கிப் போவான். வீடு போய்ச் சேருவதற்குள் பாதி ஆடு வழியிலேயே ஒழுகிப் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எங்கள் சந்தையில் ஒருவர் போதும். மூத்த தரகர், ஒரு பாய். அவர் வாப்பா காலத்திலிருந்தே இந்தத் தொழில். ஆட்டின் விலாவில் விரலை வைத்து லேசாக அமுக்குவார். உள்ளே தண்ணீர் குலுங்கும். "ஏலே, நீ ஆடு விக்க வந்தியா, தண்ணி விக்க வந்தியா?" என்பார். விற்க வந்தவனும் சிரித்துவிடுவான். பாய் முடித்துவைத்த வியாபாரத்தில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

தலைவர் வந்தது ஒரு சந்தை நாளில். ஜெயித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூடவே ஒரு கம்பெனிக்காரர். பளபளப்பான பூட்ஸில் ஆட்டுப் புழுக்கை ஒட்டிவிடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். கம்பெனி ஆயத்த ஆடை தைக்குமாம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வேலையாம். இனி யாரும் திருப்பூருக்கு ஓட வேண்டாமாம். அதைக் கேட்டபோது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது, பொய் சொல்வானேன்.

அதற்குச் சந்தை இடம் வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சரள் மண் இறுகிய மேட்டு நிலம் ஊரில் அது ஒன்றுதான். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. எங்களுக்கு ஓடைக்கரையில் வேறு இடம் தருவார்களாம். தகரக் கொட்டகை, ஆடு குடிக்கத் தொட்டி, எல்லாம் வருமாம்.

"ஊர் வளரணும்னா நாமளும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும். கம்பெனிக்குச் சில சலுகை குடுத்துத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார் தலைவர்.

இளவட்டத் தரகர் ஒருவர் இருக்கிறார், வாய்த்துடுக்கு. அவர்தான் கேட்டார். "சலுகைன்னா என்ன தலைவரே? வெவரமா சொல்லுங்க."

தலைவர் சிரித்தார். "நீ சந்தைக்காரன்தானே? சந்தையில வெலைய வாயால சொல்லுத பழக்கம் எப்பம்யா வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் பாயின் தோளில் கிடந்த துண்டை உருவினார். பாயின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். கூட்டம் விசில் அடித்தது.

"என்ன பாய், முடிச்சிருவமா?"

"ஆட்டக் கண்ணுல காட்டாமலே வெல பேசுதீங்களே தலைவரே."

"ஆடு வரும் பாய். கொழுத்த ஆடா வரும்."

பாய்க்கும் சிரிப்பு. துண்டை உதறினார்கள். தலைவர் கையை நீட்டினார், பாய் கொடுத்தார். தலைவர் அப்படியே வரிசையாக வந்தார். தரகர்கள், ஆடு கொண்டுவந்த சம்சாரிகள், கறிக்கடைக்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. சந்தை வியாபாரிகள் சம்மதம் என்று கீழே போட்டிருந்தது.

வரிசையின் கடைசியில் டீ கிளாஸ் தட்டோடு நான் நின்றேன். நீண்டு வந்த கை என் முன்னால் வந்ததும் பாதியில் மடங்கிக் கும்பிடாக மாறியது. "டீ நல்லாருக்கு மதினி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் தெருவில் ஒரு லைட் எரியவில்லை என்று நான் மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவள். கம்பெனி வாசல் வரைக்கும் தார் ரோடு ஒரே மூச்சில் வந்தது. தனி டிரான்ஸ்பார்மர் வந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் வருகிற குழாயிலிருந்து ஒரு பிரிவு நேராக உள்ளே போனது. எல்லாம் பேரூராட்சிச் செலவு. எங்கள் வார்டு மெம்பர் டீ குடிக்க வந்தபோது வாயைக் கிளறினேன்.

"கம்பெனி வாடகை குடுக்குதா அண்ணாச்சி?"

"குடுக்குது, குடுக்குது. பேருக்கு."

"பேருக்குன்னா?"

"நீ இந்த அடுப்பு வைக்கத் தரைக்காசு குடுக்கேல்ல? அதவிடக் கொஞ்சம் கூடன்னு வச்சுக்கயேன்."

"வரி?"

"அதெல்லாம் தள்ளுபடி. தொழில் வளர்ச்சிக்குன்னு தீர்மானம் போட்டிருக்கு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத தாயி" என்று பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஓடைக்கரைக்கு நாங்கள் போனோம். கொட்டகை போட்டிருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. தொட்டியும் கட்டியிருந்தார்கள். திறந்து வைத்தவர் பெயர் வெட்டிய கல் பதித்திருந்தது. திறப்பு விழா அன்று லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் மழை பெய்தால்தான் தண்ணீர்.

ஆனால் அங்கே மழை பெய்தால் சந்தையே கிடையாது. அது பச்சைக் கரிசல் மண். வெயிலில் ஆட்டுக்குட்டியின் கால் போய்ச் சிக்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நனைந்தால் கால் முழுவதும் அப்பிக்கொண்டு விடாது. வருஷம் முழுவதும் நாங்கள் காத்திருப்பது தீபாவளிக்கு முந்தின சந்தைக்கு. அது வருவது ஐப்பசியில், அடைமழையில். முதல் வருஷமே ஆடு ஏற்றி வந்த குட்டியானை வண்டிகள் அச்சுவரை இறங்கிவிட்டன. ஆடுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். மதுரைப் பக்கத்து வியாபாரிகள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். அவர்கள் திருப்பியது திருப்பியதுதான்.

ஆடு குறைந்தது. சந்தை வாசலில் வசூல் செய்யும் உரிமையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். போட்டி போட்டுக் கேட்பார்கள், சட்டையைப் பிடித்த கதையெல்லாம் உண்டு. ஊருக்கு இருந்த நல்ல வருமானமே அதுதான். இப்போது ஏலம் கேட்க ஆள் வருவதில்லை. அந்த வருமானம் போயிற்று. கம்பெனியிடமிருந்து வரியும் வராது. அப்புறம் என்ன நடக்கும்? வீட்டு வரியை ஏற்றினார்கள். ஓட்டு வீட்டில் இருக்கிற நான் கட்டுகிறேன். கம்பெனி கட்டவில்லை. ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டால், நிதி இல்லை என்கிறார்கள். குப்பை அள்ளுகிறவர்கள் சம்பளம் பிந்துகிறது என்று வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில்.

சரி, வேலையாவது வந்ததா? என் மகள் அங்கே சேர்ந்தாள். முதல் வாரம் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பிறகு முகம் மாறியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"யம்மா, பாதி மிசின்ல நூலே கோக்கல."

"பெறகு என்ன செய்யுதீங்க?"

"உக்காந்திருக்கோம். மேலிடத்துல இருந்து யாராச்சும் பாக்க வந்தா வேன் வச்சு எங்கெங்கயோ இருந்து பிள்ளைகளக் கூட்டியாந்து நெறைச்சிருதாவ. அன்னைக்கு மட்டும் எல்லா மிசினும் ஓடும். போட்டோ எடுப்பாவ. அவிய கார் ஏறுனதும் வேனும் போயிரும்."

என் கடைக்குப் பின்னால் தவிட்டுத் தண்ணீர் காட்டுகிற வேலையேதான் இது. கூட்டம் பார்க்கிற நேரத்துக்கு வயிறு ஊதியிருந்தால் போதும்.

கொஞ்ச நாளில் ஆர்டர் இல்லை, பிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கூப்பிடவே இல்லை. மகள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள், அப்பாவோடு. இங்கே தையல் கூடம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் கூல்டிரிங்ஸ் பெட்டியும் அடுக்கியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் முன்பக்கத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நானே ஒரு கல்யாணத்துக்குப் போய், என் பழைய அடுப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன். நல்ல கேசரி. ஊர் நிலத்தில் கட்டி, ஊர்த் தண்ணீரில் சமைத்து, வாடகை மட்டும் கம்பெனிக்கு.

இடத்தின் குத்தகைக்கும் அந்தச் சலுகைக்கும் கெடு உண்டு. அது இப்போது முடிகிறது. வரப்போகிற பேரூராட்சிக் கூட்டத்தில் அதை நீட்டித்துத் தீர்மானம் போடப் போகிறார்கள் என்றும், சும்மா நீட்டிப்பது இல்லை, இடத்தையே எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றும் பேச்சு. நீட்டிக்காவிட்டால் மேட்டு நிலம் ஊருக்குத் திரும்பும், சந்தையும் திரும்பும். நீட்டித்தால் வருகிற மழையோடு சந்தை செத்தது. விஷயம் இவ்வளவுதான்.

சந்தை ஆட்கள் எல்லோரும் போய் ஆட்சேபம் சொன்னால் மெம்பர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். சந்தை நாளில் எல்லோரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், ஆட்டைப் பார்த்தார்கள்.

பாய்தான் பேசினார். "கை குடுத்தாச்சே தங்கச்சி."

"அது வெளாட்டுக்குக் குடுத்தது பாய்."

"கையில வெளாட்டு ஏது? ஊரறியக் குடுத்தோம். நஷ்டம்னு தெரிஞ்ச பெறகு மாத்திப் பேசுனா, நாளைக்கு எவனாவது எங்கிட்ட ஆட்ட நம்பி விடுவானா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டேன். ஊரில் பலரும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்ததுதான். "துண்டுக்குள்ள ஒங்க கையில என்ன வச்சாவ பாய்? அதச் சொல்லுங்க மொதல்ல."

பாய் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். அவருடைய வேட்டியில் முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பியிருந்தது. வாங்கித் தின்றவன் கோலம் அப்படி இருக்காது என்று எனக்கே தெரிந்தது.

"வெரலப் பிடிச்சாரு. ஒரு வெரலக்கூட மடக்கல. வெலையே சொல்லல தங்கச்சி. நானும் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன்."

விலை சொல்லாத பேரத்துக்கு இந்த மனிதர்கள் கை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த கைக்காக இத்தனை காலம் சகதியில் நிற்கிறார்கள். இப்படி ஒரு தப்பை எங்கள் சந்தைக்காரர்கள்தான் செய்வார்கள். தலைவருக்கும் இது தெரியும். அவர் அப்பாவும் ஆடு வளர்த்தவர்தான். எங்கே பிடித்தால் இந்த ஆட்கள் அசைய மாட்டார்கள் என்று தெரிந்துதான் துண்டை உருவினார் என்று நான் சொல்கிறேன். இல்லை என்றால் அவர் மறுக்கட்டும்.

நான் கத்திக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அந்த வாய்த்துடுக்குத் தரகருக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஏன் மதினி இந்தக் குதி குதிக்கீங்க? ஒங்ககிட்ட எவனும் கை கேக்கவே இல்லையே."

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. நானும் வாயைத் திறந்தேன், திட்ட. திட்டு வரவில்லை.

"ஆமாய்யா. எங்கிட்ட கேக்கல. நான் குடுக்கவும் இல்ல."

சிரிப்பு நின்றது. பாய் என்னைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, என் டீ மேஜை மேல் வைத்தார். "அப்பம் நீ கேக்கலாம்" என்றார்.

மறுநாளே பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் வரி கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். தலைவர் வெளியே வந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டேன்: சந்தை இடத்தை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?

"வாங்க மதினி, ரூமுக்குள்ள வாங்க. உக்காந்து பேசுவோம்."

"இங்கனயே சொல்லுங்க. இவியளும் வரி கட்டுதவியதான்."

"நெறைய விசயம் இருக்கு. வெளிய நின்னு பேச முடியுமா?" என்று குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "கம்பெனி வளாகத்து முன்வாசல்ல ஒரு கடை காலியா இருக்கு. ரோட்டப் பாத்த கடை. மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்ல. ஒங்களுக்கே முடிச்சுத் தாறேன்."

ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். சகதியில் அடுப்பு மூட்டியவளுக்குச் சிமெண்ட் தரை என்றால் என்ன என்று தெரியும். ஆனால் அவர் குரல் தாழ்ந்ததும் என் கண்ணுக்குத் துண்டு தெரிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்குக் கடை வேண்டாம். வெலையச் சொல்லுங்க."

அவர் கார் ஏறிப் போய்விட்டார்.

அதனால் இதை எழுதுகிறேன். தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு முந்தின சந்தை நாளில் ஓடைக்கரைக்கு வாருங்கள். மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, நடந்தே வாருங்கள். ரூமுக்குள் வேண்டாம், காதுக்குள் வேண்டாம். கம்பெனிக்கு ஊர்ச் செலவில் என்னென்ன செய்தீர்கள், எவ்வளவு வரியை விட்டீர்கள், அதற்குப் பதிலாக ஊருக்கு வந்தது என்ன, உங்களுக்கு வந்தது ஏதாவது உண்டா, இதை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். பாய் இருப்பார், தரகர்கள் இருப்பார்கள், வரி கட்டுகிறவர்களை நான் கூட்டி வருகிறேன். உங்களுக்குக் கை கொடுக்காதவள் கேட்கிறேன். பதில் சொல்லுங்கள்.